நாலாவது டக்

பேட்டரி கழன்று அவள் உள்ளங்கையில் விழுந்தது. ஒரு கோட்டுப் பட்டன் அளவுகூட இல்லை.

இத்துனூண்டு சாமானுக்கா இரண்டு மாதமாக வயிறு எரிந்துகொண்டிருக்கிறோம் என்று ஒரு நிமிஷம் வெட்கமாக இருந்தது.

ஒரே ஒரு நிமிஷம்தான். அப்புறம் அதைப் பர்சுக்குள், எப்போதும் கிடக்கிற உதிரிப் பட்டன்களோடு போட்டாள். ஸ்விட்சை மூடி, பழையபடி கணவனின் வலது கட்டைவிரலுக்கு அடியில் வைத்தாள்.

"ஒரே பிசுபிசுப்பு. தொடச்சு வச்சிருக்கேன்."

அவன் கண்ணை மூடித் திறந்தான். கழுத்துக்குக் கீழே அவன் சொன்ன பேச்சைக் கேட்பது அந்தக் கட்டைவிரல் ஒன்றுதான். பெயிண்ட் அடிக்கும்போது சாரத்திலிருந்து விழுந்து நாலு வருஷம்.

நாலு வருஷமாக அவனுக்குக் கை அவள், கால் அவள், வாயும் அவள்தான். அவன் குழறுவது இன்னதென்று பிடிபட அவளுக்கே ஆறு மாதம் ஆனது. பெற்ற அம்மாவுக்கு இன்னும் பிடிபடவில்லை.

அதை அந்தக் குதிரைவால் ஒரே மத்தியானத்தில் பிடித்துவிட்டாள்.

குதிரைவால் என்பது ஸ்விட்ச் மாட்ட வந்த டெக்னீஷியன் பெண்ணுக்கு இவள் மனசுக்குள் வைத்த பேர். ஒயரே இல்லாத ஸ்விட்ச். ஒரு தட்டு தட்டினால் லைட், இரண்டு தட்டினால் ஃபேன், மூன்று தட்டினால் ரேடியோ. மறக்காமல் இருக்க ஒரு பேப்பரில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டும் போனாள். கடைசியில் 4 என்று போட்டு, பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை.

"நாலு என்னது?"

"அத அண்ணன்கிட்டயே கேட்டுக்கங்கக்கா."

அண்ணன் கோணிய வாயோடு சிரித்தான். "ஸ்பேர்."

அந்தச் சிரிப்பை அவள் பார்த்து எத்தனை நாளாயிற்று.

அன்றிலிருந்து வீட்டில் அவளைக் கூப்பிட ஆளில்லை. முன்பெல்லாம் 'ஏய் ஃபேனு', 'ஏய் லைட்டு' என்று மூச்சுவிட விடமாட்டான். எரிச்சலாக வரும். இப்போது அடுப்படியில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாலும் டக், டக் டக், அவ்வளவுதான். தையல் கடையில் நாள் முழுக்கப் பட்டன் தைக்கிறவள், வீட்டுக்கு வந்து ஒரு பட்டனிடம் தோற்றுக்கொண்டிருந்தாள்.

அதைக்கூடப் போனால் போகிறதென்று விட்டிருப்பாள். அந்த நாலாவதுதான்.

சாயந்திரம் கடையிலிருந்து வந்து கதவைச் சாத்துவாள். செருப்பைக்கூடக் கழற்றியிருக்க மாட்டாள். உள்ளிருந்து டக் டக் டக் டக். லைட் எரிந்தபடி எரியும். ஃபேன் சுற்றினபடி சுற்றும். ரேடியோ வாயைத் திறக்காது.

"என்னத்த அமுக்குறீங்க?"

"வெரலு பட்டுருச்சு."

தினமும், அவள் நுழைந்த கையோடு, எண்ணி நாலு தடவை பட்டுவிடுகிற விரல்.

'இதுலேர்ந்து யாரு போனுக்கு வேணும்னாலும் மணி அடிக்க வைக்கலாம்ணா' என்று குதிரைவால் அன்றைக்குச் சொன்னது காதிலேயே இருந்தது. மீதியை இவளே தைத்து முடித்தாள். நாலு தட்டு தட்டினால் எங்கேயோ ஒரு போனில் மணி அடிக்கும். இவள் வந்துவிட்டாள் என்று அர்த்தம்.

இன்றைக்குக் கடை லீவு. ஆல்டர் பண்ணின இரண்டு பேண்ட்டைக் கொடுத்துவிட்டு வரவேண்டும். லைட்டைப் போட்டாள். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. ரேடியோ வேண்டாமென்றான். ஆக அவனுக்கு ஒரு குறையும் கிடையாது. நாலாவது மட்டும்தான் செத்திருந்தது. வரும்போது யாருக்கு அமுக்குகிறான், பார்த்துவிடலாம்.

கிளம்பும்போது வெளிச்சம் இருந்தது. உடைந்த ஐந்தாம் படியைத் தாண்டி இறங்கினாள். போன வருஷம் இருட்டில் அதில் சறுக்கி முட்டி பெயர்ந்து, ஒரு வாரம் நொண்டியபடியே அவனைப் புரட்டிப் போட்டாள். இப்போது அந்தத் தொல்லை இல்லை. இரண்டு மாதமாகக் கீழ்வீட்டு அக்கா அவள் வரும் நேரம் பார்த்துப் படி லைட்டைப் போட்டு வைக்கிறாள். அக்காவுக்கு வாய்தான் காரம்.

பேண்ட் வாங்கினவர் போட்டுப் பார்க்கிறேன் என்று உட்காரவைத்துவிட்டார். திரும்புவதற்குள் இருட்டிவிட்டது.

கேட்டைத் தள்ளினாள். வழக்கம்போல் அது கிரீச்சென்றது.

படி இருட்டாகக் கிடந்தது.

அக்கா வாசலுக்கு வந்து மேலே எட்டிப்பார்த்தாள். "என்னம்மா, ஒன் வீட்டுக்காரர் தூங்கிட்டாரா? கேட்டு சத்தம் கேட்டா மேலருந்தே படி லைட்டப் போட்டுருவாரே, நீ உள்ள போனதும் அணைச்சிருவாரே."

அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மேல் ஜன்னலில் டக் டக் டக் டக் என்று கேட்டது.

கொஞ்சம் நின்றது. மறுபடி டக் டக் டக் டக். இந்தத் தடவை அவசரமாக.

பிறகு, இரண்டு மாதத்துக்கு அப்புறம், அவளைக் கூப்பிடுகிற அந்தக் குரல். "ஏய்..." என்று ஆரம்பித்து, நீளமாக ஒரு குழறல்.

"என்னவோ சொல்றாரே, என்னம்மா அது?" என்றாள் அக்கா.

அஞ்சாம் படி, பாத்து வா, என்று சொல்கிறான். அவளுக்குத்தான் புரியும்.

பர்சுக்குள் கையை விட்டாள். இரண்டு ஓட்டை. நாலு ஓட்டை. மறுபடி நாலு ஓட்டை.

ஓட்டையே இல்லாத ஒன்றை இருட்டில் தேடிக்கொண்டிருந்தன விரல்கள்.