முன்சீட்டுக் குஷன்

கடைசித் துண்டு விரல்நகம் அளவுதான் இருந்தது.

அவள் அதை உப்புத்தாளில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மேசைமேல் பிளைமவுத் கார் முடிந்து நின்றது. முழுக்க மரம். உடம்பு குமிழ மரம், சக்கரங்கள் ஈட்டி மரம். நான்கு கதவும் திறக்கும். ஸ்டீயரிங்கைச் சுற்றினால் முன்சக்கரம் திரும்பும்.

ஐ.டி.ஐ.யில் மரவேலை சொல்லிக்கொடுத்து ரிட்டையர் ஆன பிறகு எத்தனையோ கார் செய்துவிட்டாள். எதற்கும் இவ்வளவு கோபத்தைச் செலவழித்ததில்லை.

ஆர்டர் கொடுத்தவர் மில் முதலாளி. எழுபது வயதாகியும் ஊருக்கு அவர் சின்ன முதலாளிதான். மில் வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்போகிறாராம்.

"உங்கப்பன் ஓட்டுன வண்டியாச்சே கண்ணு. ஒண்ணு விடாம அப்படியே இருக்கோணும்."

எப்படித்தான் வாய் வந்ததோ அந்த மனிதருக்கு.

போட்டோக்கள் கொடுத்தனுப்பினார். எல்லாவற்றிலும் வண்டி பளபளவென்று நின்றது. அவளுக்குப் போட்டோ தேவைப்படவில்லை.

அப்பா ஓட்டிய வண்டிதான்.

அந்த ஒரு சாயங்காலம் தவிர.

அன்று ஆயுத பூஜை. வண்டிக்குப் பொட்டு வைத்து மாலை போட்டிருந்தது. பூஜை முடிந்ததும் சின்ன முதலாளி அப்பாவிடமிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு தனியாகப் போனார். அப்போது அவருக்கு மீசை அரும்பும் வயது.

திரும்பி வந்தபோது வண்டியில் மாலை இல்லை. இடது மட்கார்டு உள்ளே நசுங்கியிருந்தது. மில் ரோட்டில், ஷிப்டு முடிந்து சைக்கிளில் போன ஒரு ஆள் செத்துக் கிடந்தார்.

கார் ஷெட்டுக்குப் பின்னால்தான் டிரைவர் வீடு. பள்ளிக்கூடப் பிள்ளையாக அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தாள்.

பெரிய முதலாளி ஓடி வந்தார். முதலில் செய்த காரியம், டிரைவர் சீட்டில் இருந்த சிவப்புக் குஷனை எடுத்ததுதான்.

மகன் குள்ளம். குஷன் இல்லாவிட்டால் பானெட்டுக்கு மேலே ரோடு தெரியாது. அவள் அப்பா ஆறடி. அதன்மேல் உட்கார்ந்தால் தலை கூரையில் இடிக்கும்.

போலீஸ் வருவதற்குள் குஷன் பங்களாவுக்குள் போய்விட்டது.

அப்பா டிரைவர் சீட்டுக்குப் போய்விட்டார்.

டிரைவர் மருதாசலம் ஓட்டினான் என்று எழுதினார்கள். அப்பாவும் ஆமாம் என்றார். அவர் ஜெயிலில் இருந்தவரை வீட்டுக்கு அரிசி மூட்டை வந்துகொண்டிருந்தது. அம்மா வடித்துப் போட்டாள். அவளும் தின்றாள். அதை நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெயர், ஆளைக் கொன்றவன் மகள்.

வெளியே வந்தவருக்கு யாரும் வண்டி தரவில்லை. அதே மில்லில் பஞ்சுப் பொதி சுமந்தார். சாகும்வரை வாயைத் திறக்கவில்லை. பெரிய முதலாளிக்குச் சத்தியம் செய்துகொடுத்திருந்தாராம். செய்ததெல்லாம் போதாதென்று சத்தியம் வேறு வாங்கியிருக்கிறார்கள்!

சத்தியம் செய்தவர் அப்பா.

அவள் எதுவும் செய்துகொடுக்கவில்லை.

மட்கார்டை முதலில் வழவழப்பாகத்தான் இழைத்தாள். கை வைத்தால் வழுக்கிக்கொண்டு போகிற வளைவு. பிறகு உளியை எடுத்து அந்த வளைவைக் குழித்தாள். அழகாக வந்ததைக் கெடுக்கிறோமே என்று ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை.

இப்போது இந்தத் துண்டு. வேங்கை மரம். சாயம் பூசாமலே சிவப்பு.

பசையில் தொட்டாள். டிரைவர் சீட்டில் வைத்து, அசையாமல் அழுத்திப் பிடித்தாள்.

மறுநாள் சின்ன முதலாளி மனைவியோடு வந்தார்.

"இவதான் நம்ம பழைய டிரைவர் மக," என்று மனைவியிடம் சொன்னார். காரைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. பம்பரைத் தடவினார். கதவைத் திறந்து மூடினார். அப்படியே தடவிக்கொண்டு வந்த கை இடது மட்கார்டில் நின்றது.

"இதெதுக்குக் கண்ணு?"

"ஒண்ணு விடாம வேணும்னு சொன்னீங்களேங்க."

மனைவி குனிந்து பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கணவரிடம் கேட்டார். "நான் கல்யாணமாகி வர்றதுக்கு முந்தி டிரைவர் ஒரு ஆளை இடிச்சுப்போட்டாருன்னு சொல்வீங்களே, அப்ப நசுங்குனதுங்களா?"

"ஆமா, ஆமா. அவரு இடிச்சதுதான்."

அவள் எதிரிலேயே சொன்னார். கொஞ்சமும் கூசாமல்.

மனைவி ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார். சிரித்துவிட்டார்.

"ஏனுங்க, உங்க குஷன்கூட இருக்குது!" பிறகு அவளிடம், "இது இல்லாம இன்னைக்கும் இவரு வண்டி எடுக்க மாட்டாரு."

யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை.

மனைவி மறுபடி மட்கார்டைப் பார்த்தார். மறுபடி உள்ளே பார்த்தார்.

சின்ன முதலாளி ஜன்னலுக்குள் விரலை விட்டு, நகத்தால் அந்தச் சிவப்புத் துண்டை நெம்பினார். அது அசையவில்லை.

"ஒட்டியாச்சுங்க," என்றாள் அவள்.

அவர் விடாமல் நெம்பிக்கொண்டிருந்தார். மனைவி அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கையை வெளியே எடுத்தார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"உங்கப்பா எத்தன உசரம் கண்ணு?"