ஞாயிற்றுக்கிழமைக்கும் உண்டு

வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டில் ரமாபாயின் குழந்தை தூங்கியது. பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய இ.எஸ்.ஐ. பிரசவகாலப் பணத்தைக் கணக்குப் போட்டாள் கன்னியம்மா. எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருவரும் ஒரே லைனில் தைப்பவர்கள். லைனில் யாருக்குப் பிரசவம் என்றாலும் கணக்கு கன்னியம்மாதான்.

“பன்னெண்டு வாரம். ஞாயித்துக்கெழம போனா எழுபத்திரண்டு நாளு. அவ்ளோதானக்கா?” என்றாள் ரமாபாய்.

“கம்பெனிதான்மே ஞாயித்துக்கெழமைக்குத் துட்டு தராது. இ.எஸ்.ஐ.ல உண்டு. எம்பத்திநாலு நாளு, நாளுக்கு எழுபது ரூபா. அஞ்சாயிரத்து எட்நூத்தி எம்பது.”

ரமாபாய் முகம் மலர்ந்தது. “அப்போ சம்பளம் இல்லாம இன்னும் ஒரு மாசம் லீவு போட்டுக்கறேன். புள்ளய வுட்டு வர மனசே இல்லக்கா.”

“அதெல்லாம் வோணாம். திங்கக்கெழம நீ மெஷின்ல குந்தணும். ஒரே லைன்ல ரெண்டு பேருக்கு லீவு வுட மாட்டான் சூப்பர்வைசர்.”

கல்யாணமாகிப் பதினோரு வருடமாகியும் பிள்ளை பெறாதவளுக்கு இதெல்லாம் எங்கே புரியும் என்று ரமாபாய்க்கு எரிச்சல் வந்தது.

“வேற யாருக்கு லீவு வோணுமாம்?”

கன்னியம்மா பையிலிருந்து சம்பளச் சீட்டுகளை எடுத்து, பேனாவோடு நீட்டினாள். எல்லாவற்றிலும் கன்னியம்மாவின் பெயர்தான் இருந்தது.

“முழுகாம மூணு மாசம்டி. டாக்டரம்மா படுத்தே கெடக்கணும்னு சொல்லிட்டாங்க. என் கணக்க நீ போடு. நான் போட்டா தப்பு தப்பா வருது.”

ரமாபாய் பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

“திங்கக்கெழம நான் வந்துர்றேன்க்கா. இப்ப சொல்லு, உனக்கு ஞாயித்துக்கெழமய சேக்கட்டா, வோணாமா?”