கட்டெல் வீட்டுக் கண்ணாடி

“கண்ணாடி குடுக்காத வீட்டுக்காரங்க பின்பெஞ்சுல உக்காரட்டும். அவ்வளவுதான்” என்றாள் மரிவோன்.

சாமியார் தயங்கினார். “ஊர்ல அப்படி ஒரு வீடுதானேம்மா இருக்கு?”

“அந்த ஒரு வீட்டாலதான் சாமி எனக்கு மானம் போகுது.”

மரிவோனின் கோபத்திலும் நியாயம் இருந்தது. சண்டையின்போது துறைமுகத்துக்கு வைத்த குறி தப்பி, குண்டு கோயிலுக்குப் பக்கத்தில் விழுந்தது. கோயிலில் புனித அன்னம்மாள் உருவம் பதித்த ஜன்னல் பொடிப்பொடியாகிவிட்டது. பிரான்ஸ் முழுக்க உடைந்து கிடக்கும்போது, பிரெட்டன் கடற்கரையில் ஒரு மூலையில் இருக்கிற மீன்காரர் ஊருக்கு வண்ணக் கண்ணாடி யார் தரப்போகிறார்கள்?

மரிவோன்தான் வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஜாம் பாட்டிலோ, மருந்து பாட்டிலோ, உன் வீட்டிலிருந்து ஏதாவது ஒன்று கொடு என்று வாங்கிவந்தாள். ஊர்க் கண்ணாடிக்காரன் கொனான் அதையெல்லாம் சூளையில் போட்டுத் தட்டையாக்கி, வெட்டி, கோத்து, அன்னம்மாளைத் திரும்ப நிறுத்திவிட்டான். மிச்சத்தில் மீன் ஏலக் கொட்டகைக்கும் ஒரு வட்ட ஜன்னல் ஆயிற்று.

இப்போது கோயிலுக்குள் நுழைகிறவர்கள் அன்னம்மாளைப் பார்ப்பதற்கு முன்னால் தங்கள் வீட்டைத்தான் தேடுகிறார்கள்.

“முக்காட்டுல நெத்திக்கு மேல இருக்கே நீலம், அது எங்க வீட்டு இருமல் மருந்து பாட்டில்” என்பாள் மரிவோன், கேட்காதவர்களிடமும்.

“பச்சைக் கடல் மொத்தமும் நம்ம யான் குடிச்ச பாட்டிலு. மனுஷன் குடியை விட்டிருந்தா அன்னம்மா தரையிலதான் நின்னிருக்கணும்” என்று மற்றவர்கள் கேலி பேசுவார்கள். யான் அதற்கும் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார்.

நாளைக்கு ஜன்னலை மந்திரிக்க ஆயர் வருகிறார். ‘எங்க ஊர்ல ஒரு வீடுகூட விட்டுப்போகல’ என்று அவரிடம் சொல்ல வேண்டும். இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மரிவோன் இத்தனை நாள் அலைந்தாள். அதைக் கண்ணாடி தராத கட்டெல் கெடுத்துவிட்டாள்.

கடைசியாக ஒரு தடவை கேட்டுப் பார்ப்போம் என்று சாயங்காலம் கட்டெல் வீட்டுக்குப் போனாள். கட்டெலின் புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாதவன். அவனுடைய வலைகள் இன்னும் வேலியில் தொங்கின. ஊரே வலைக்குப் பறந்த காலத்திலும் அவள் ஒன்றைக்கூட யாருக்கும் விற்கவில்லை. கல்நெஞ்சக்காரி என்று அப்போதே பேர் வாங்கியிருந்தாள்.

“ஒரு உடைஞ்ச தம்ளராவது குடு கட்டெல். எனக்காகக் கேக்கல, ஊருக்காகக் கேக்கறேன்.”

“இனிமே குடுக்க என்கிட்ட ஒண்ணும் இல்லக்கா.”

“அலமாரியில தம்ளர் இருக்கே, அது என்னவாம்?”

“அது அவர் குடிச்சது. அது ஒண்ணாவது இருக்கட்டும்.”

“நாளைக்குப் பின்பெஞ்சுலதான் உக்காரணும், சொல்லிட்டேன்.”

“சரிக்கா.”

மரிவோன் வெடுக்கென்று திரும்பினாள். வேலியில் கிடந்த வலை காற்றில் துணி மாதிரி எழும்பி அவள் முகத்தில் அடித்தது. வலைக்குக்கூட வீட்டுக்காரியின் குணம் என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

மறுநாள் கஞ்சி போட்ட வெள்ளைத் தலைச்சீலையோடு பெண்களெல்லாம் முன்பெஞ்சுகளை நிறைத்திருந்தார்கள். கட்டெல் கதவோரம் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

ஆயர் வெகுநேரம் ஜன்னலை அண்ணாந்து பார்த்தார். “ஊர்ல எல்லா வீட்டுக் கண்ணாடியும் இதுல இருக்காமே?”

மரிவோன் எழுந்து நின்றாள். “ஒரு வீட்டைத் தவிர, ஆண்டவரே.”

எல்லாத் தலைகளும் பின்பக்கம் திரும்பின. சுவரோரம் நின்றிருந்த கொனான் தொண்டையைச் செருமினான்.

“கண்ணாடி எல்லாம் உங்களோடது, மரிவோனக்கா. அதையெல்லாம் சேத்துப் பிடிச்சிருக்கே கறுப்புக் கோடு, அது யாரோடது?”

“அது ஈயம். நீ எங்கேயோ வாங்கினது.”

“எங்கேக்கா வாங்கறது? சண்டைக்கப்புறம் ஈயம் கண்ணுல பட்டுச்சா? உங்க பாட்டிலை எல்லாம் வெட்டி அடுக்கி வச்சுட்டு, கோக்க வழியில்லாம தலையில கை வச்சு உக்காந்திருந்தேன். கட்டெல்தான் தள்ளுவண்டியில கொண்டாந்து கொட்டினா. வீட்டுக்காரர் வலையில கட்டியிருந்த ஈயக்குண்டு. ஒண்ணு விடாம அறுத்துக் கொண்டாந்துட்டா.”

கொனான் கதவோரம் இருந்த கட்டெலைப் பார்த்தான்.

“யார்கிட்டயும் சொல்லாதேன்னா. சொல்லிட்டேன், திட்டினா திட்டட்டும். ‘அவருக்கு ஒரு கல்லறைகூட இல்ல. எல்லார் வீட்டுக்கும் நடுவுல இருந்துட்டுப் போகட்டும்’னா.”

முகத்தில் அடித்த வலை மரிவோனுக்கு ஞாபகம் வந்தது. ஈயம் கட்டிய வலை காற்றுக்கு எழும்பவே எழும்பாது. மீன்காரன் வீட்டில் பிறந்து வளர்ந்தவளுக்கு அதுகூட உறைக்காமல் போயிற்றே என்று வெட்கமாக இருந்தது. ஜன்னலைப் பார்த்தாள். இருமல் மருந்து நீலத்தைச் சுற்றி நாலு பக்கமும் அந்தக் கறுப்புக் கோடு. யான் குடித்த கடலைச் சுற்றியும் அதே கோடு.

ஆயரைக் காக்க வைத்துவிட்டு, முன்பெஞ்சிலிருந்து இறங்கிக் கதவு வரைக்கும் நடந்தாள்.

“கொஞ்சம் தள்ளி உக்காரு, கட்டெல்.”

உட்கார்ந்த பிறகு, ஊருக்கே கேட்கிற மாதிரி அங்கிருந்து சொன்னாள்:

“ஒரு வீடுகூட விட்டுப்போகல, ஆண்டவரே.”