மிளகாய்க்குக் கத்திய கதவு

ஒரு சமையல்காரரின் உள்ளங்கைத் தோலில் இரண்டு கதவுகள் காவல் இருந்தன. சூடு பட்டால் ஒன்று கத்தும், குளிர் பட்டால் மற்றது.

காலையில் கை மிளகாய் நறுக்கியது. சூட்டுக் கதவு "நெருப்பு!" என்று அலறியது. கை பதறிப்போய் வாளித் தண்ணீருக்குள் பாய்ந்தது. பார்த்தால் நெருப்பே இல்லை.

"மிளகாய்க்கெல்லாமா கத்துவே? பார்க்கிறவங்க சிரிக்கிறாங்க," என்று கை திட்டியது.

அன்று கல்யாணச் சமையல். ஐந்து கிலோ மிளகாய். கதவு ஒவ்வொரு முறையும் கத்தியது, ஒவ்வொரு முறையும் திட்டு வாங்கியது. மதியத்துக்குள் அதற்குத் தொண்டையே போய்விட்டது.

மாலையில் கை தோசைக்கல்லின் மேல் நிதானமாக ஊன்றி நின்றது.

"அண்ணே, நம்ம தோல்ல புகை வருதே?" என்றது குளிர்க் கதவு.

"மிளகாயாத்தான் இருக்கும்," என்று கம்மிய குரலில் முனகியது சூட்டுக் கதவு.