பின்னால் வந்த வேன்

"வேண்டாம்மா, வண்டியில ஏறிடாதீங்க. ஏறினா இத்தனை நாள் மிதிச்சதெல்லாம் வீணாப் போயிடும்."

இதைச் சொன்னவர் வேன் டிரைவர். பலர் சேர்ந்து நாள்கணக்கில் போகிற இந்தச் சைக்கிள் பயணத்தில் முடியாமல் உட்கார்ந்துவிடுகிறவர்களை ஏற்றிக்கொண்டு வருவதுதான் அவருடைய வேலையே. அவரே ஏறாதீர்கள் என்றால் மனுஷி என்ன செய்வாள்? சாலையோரக் கல்லில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினாள். பக்கத்தில் அவளுடைய சைக்கிள் காற்றுப் போய்ப் படுத்துக் கிடந்தது.

அவள் ஒரு பேக்கரிக்காரரின் மனைவி. வாழ்க்கைப்பட்டது பேக்கரியில், உடம்புக்கு ஆகாதது கோதுமை. அவள் ராசி அப்படி. ஒரு துண்டு ரொட்டி உள்ளே போனால் வயிறு பானையாக ஊதிக்கொள்ளும், இரண்டு நாள் படுக்கைதான். டாக்டர் சொல்லியும் மாமியார் நம்பவில்லை. கடைக்காரன் பெண்டாட்டியே தொடாத ரொட்டியை ஊரில் எவன் வாங்குவான் என்று வாடிக்கையாளர் காதில் விழும்படியே புலம்பினாள். இந்தப் பயணத்துக்குப் பெயர் கொடுத்தபோது கணவர் மாவு பிசைந்துகொண்டே சிரித்தார்.

"ரொட்டி தின்னாத உடம்பு. ரெண்டாவது மேட்டுலயே வேன்ல ஏறிடுவே பாரு."

அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். முதலாவதாக வர வேண்டாம், பத்தாவதாகக்கூட வர வேண்டாம். அந்த வேனில் மட்டும் ஏறாமல் ஊர் போய்ச் சேர்ந்தால் போதும்.

வேனில் ஏறியவர் அத்தோடு விலகிவிட வேண்டும், மறுநாள் பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விட வேண்டும். வேனுக்கும் ஒரு சட்டம் உண்டு. கடைசி சைக்கிளுக்குப் பின்னால்தான் அது ஊர்ந்து வர வேண்டும், யாரையும் முந்தக் கூடாது.

பயணச் சமையல்காரருக்கோ கோதுமையை விட்டால் வேறு உலகம் தெரியாது. காலையில் ரொட்டி, மதியம் நூடுல்ஸ், ராத்திரி மறுபடியும் ரொட்டி. வேறு ஏதாவது கிடைக்குமா என்று கேட்டதற்கு, காற்றைக் குடித்தா சைக்கிள் ஓட்டுகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டார். பெரிய மனசு பண்ணி அடுப்பில் ஒரு ஓரத்தை மட்டும் விட்டுக் கொடுத்தார். அவள் விடியும் முன்பே எழுந்து அரிசியையும் உருளைக்கிழங்கையும் வேகவைத்து, பெரிய டப்பாவில் அடைத்து, கேரியரில் கட்டிக்கொண்டு கிளம்புவாள். கூட வந்தவர்கள் அவளுக்கு 'டப்பா அக்கா' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

முதல் நாள் நன்றாகத்தான் ஓட்டினாள். மறுநாளிலிருந்து சனி பிடித்துக்கொண்டது. மதியம் நெருங்குகிற நேரம் பார்த்து டயரில் காற்று இறங்கிவிடும். மற்றவர்கள் எல்லோரும் கடந்து போய்விடுவார்கள். கடைசியில் அவளும் பின்னால் வந்த வேனும்தான் மிச்சம்.

டிரைவர் தங்கமான மனுஷர். முகம் சுளிக்காமல் பஞ்சர் ஒட்டிக் கொடுப்பார். காலையில் அவள் அடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது அவளுடைய சைக்கிளைத் துடைத்துக் காற்றடித்து வைப்பதும் அவர்தான். வெறும் வாயால் நன்றி சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை, டப்பாவை நீட்டினாள். எனக்கெதுக்கும்மா என்று சொல்லிக்கொண்டே அவர் கையைக் கழுவினார். அதற்குப் பிறகு அவள் இரண்டு பேருக்காகவே சமைத்தாள்.

இன்று கடைசி நாள். ஒரே ஒரு மேடு, அதைத் தாண்டினால் ஊர். இன்றைக்கும் காற்று இறங்கிவிட்டது.

"போதும்ணே. எங்க வீட்டுக்காரர் சொன்னதுதான் சரி. எனக்கு இதுக்கெல்லாம் கொடுப்பினை இல்லை. ஏத்திக்குங்க."

"டயர்ல காத்து போனா உங்க கால்ல தெம்பு போயிடுச்சுன்னு அர்த்தமா? முதல்ல சாப்பிடுங்க. நான் பஞ்சரைப் பார்க்கறேன்."

பஞ்சரைப் பார்த்தார். டப்பாவையும் பார்த்தார். கடைசி உருளைக்கிழங்கு வரை இருவரும் பங்கு போட்டுச் சாப்பிட்டார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினாள். மேடு முழுக்க வேன் பின்னாலேயே வந்தது. அவள் தள்ளாடும்போதெல்லாம் டிரைவர் ஹாரன் அடித்து உசுப்பேற்றினார்.

ஊர் எல்லையில் கட்டியிருந்த வரவேற்புத் துணியை இரண்டு பேர் அவிழ்த்துக்கொண்டிருந்தபோது அதன் அடியில் புகுந்து வந்து சேர்ந்தாள். கைதட்ட ஆளில்லை. கணவர் மட்டும் சட்டையெல்லாம் மாவோடு நின்றிருந்தார். எல்லோரும் வந்த பிறகும் அவளைக் காணாமல் மனுஷர் பாதி செத்துப் போயிருந்தார்.

"நான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதே," என்று சைக்கிளை வாங்கிக்கொண்டார். "நாளையிலேர்ந்து நம்ம கடையில அரிசி மாவுல உனக்குன்னு ஒண்ணு சுடப்போறேன். அம்மா என்ன சொன்னாலும் சரி."

அவளுக்குப் பெருமை தாங்கவில்லை, அழுகையும் வந்தது. வேனைக் காட்டினாள்.

"இந்த அண்ணன் இல்லேன்னா நான் வந்தே சேர்ந்திருக்க மாட்டேங்க."

கணவர் ஓடிப் போய் டிரைவரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். டிரைவர் கூச்சத்தோடு நெளிந்தார்.

அவர்கள் போன பிறகு டிரைவர் தன் மனைவிக்குப் போன் போட்டார். கோதுமை வாயில் பட்டாலே உடம்பெல்லாம் தடித்துப்போகிற மனுஷன் இத்தனை நாளும் என்ன சாப்பிட்டாரோ என்று அவள் கிடந்து தவித்திருந்தாள்.

"கவலைப்படாதே, வேளாவேளைக்குச் சோறு கிடைச்சுது. முதல் நாள் மட்டும்தான் பட்டினி. சோறு எடுத்துட்டு வர்ற அம்மா அன்னிக்கு எல்லாருக்கும் முன்னால சிட்டாப் பறந்துட்டாங்க. நான்தான் யாரையும் முந்தக் கூடாதே," என்றார் டிரைவர். "அதான் மறுநாள்லேர்ந்து காலையில காத்தடிக்கறப்பவே அவங்க டயர்ல ஒரு குண்டூசியைக் குத்தி அனுப்பிடுவேன்."