ஏசுராஜைப் பார்க்கப் போகிறவள்

“உள்ள மீனு உட மாட்டானுங்கோ. பிஸ்கோத்துதான்” என்றபடி கோவிந்தம்மா இரண்டு பாக்கெட்டைப் பையில் வைத்தாள். மறுநாள் புழல் சிறையில் ஏசுராஜைப் பார்க்கும் நாள்.

பட்டினப்பாக்கம் குடியிருப்பின் இரண்டாவது மாடி. வைதேகி தரையில் உட்கார்ந்து படிவத்தை விரித்தாள். தூக்குத் தண்டனை யாருக்கு விழுகிறது, யார் தப்பிக்கிறார்கள் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. இதுவரை பார்த்த பதினாறு குடும்பங்களில் ஒன்றுகூடச் சொந்தமாக வக்கீல் வைத்ததில்லை.

“அவனப் பார்க்க மாசாமாசம் ஒரு அம்மா மட்டும்தான் போறாங்க” என்று இந்த முகவரியைக் கொடுத்தவர், ஏசுராஜின் இப்போதைய வக்கீல் கருணாகரன்.

சுவரில் முருகன் படம் மாட்டியிருந்தது. ஏசுராஜின் அப்பா கிறிஸ்தவராக இருந்திருப்பார் என்று வைதேகி நினைத்துக்கொண்டாள்.

“ஏசுராஜ் எத்தனாவது வரைக்கும் படிச்சாரும்மா?”

“ஆறாவது. அப்பால ஓட்டல்ல எல எடுத்தான். பின்னாடி அந்த அடையாறு பங்களால டிரைவரா சேந்துகினான்.”

“கேஸ் நடந்தப்ப அரசாங்கம் குடுத்த வக்கீல் எத்தனை தடவை பேசினார்?”

“ரெண்டு தபா. ரெண்டாவது தபா பேர மாத்திக் கூப்ட்டாராம்.”

வைதேகி அதைக் குறித்துக்கொண்டாள். வழக்கு அவளுக்குத் தெரியும். வண்டி உரசிய தகராறில் ஒரு வாலிபனை உயிரோடு எரித்தவர்கள் இரண்டு பேர். பங்களா வீட்டுப் பிள்ளை நிரஞ்சனுக்கு டெல்லியிலிருந்து வக்கீல் வந்தார், அவன் விடுதலை. டிரைவர் ஏசுராஜுக்குத் தூக்கு. உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது.

“பெட்ரோல் ஊத்துனவன் அந்த பங்களா வூட்டுப் புள்ள, கைய புடிச்சிக்கினவன் இவன். இவனே எங்கிட்ட சொல்லி அழுதான்” என்றாள் கோவிந்தம்மா. “அந்த நிரஞ்சன் போன வாரம் கலங்கரை விளக்கத்தாண்ட கார்ல போய்க்கினு இருந்தான். என் கண்ணால பாத்தேன்.”

பையின் வாயை இழுத்துக் கட்டினாள்.

“இவனும் நல்லவன் இல்ல. ஆனா இவன மட்டும் தொங்க உட்டா இன்னா ஞாயம்?”

பெற்றவளே இப்படிச் சொல்வது வைதேகிக்கு என்னவோ போலிருந்தது. கருணாகரன் கொடுத்தனுப்பிய கருணை மனுவை எடுத்து நீட்டினாள்.

“நா கையெழுத்து போட்டா எடுபடுமா?”

“பெத்தவங்க போட்டா கண்டிப்பா பார்ப்பாங்கம்மா.”

கோவிந்தம்மா எழுத்துக் கூட்டி, மெதுவாகத் தன் பெயரை எழுதி முடித்தாள். பிறகுதான் நிமிர்ந்தாள்.

“ஏசுராஜ நா பெக்கலம்மா. அவனுங்க எரிச்சானுங்களே ஒரு புள்ளய, அவனப் பெத்தவ நா.”