சம்பந்தியம்மாள் படுத்துப் பார்த்த விரிப்பு

"விரிப்பு முதுகை உறுத்தினால் நிக்காஹ் கிடையாது" என்று சொல்லிக்கொண்டேதான் திருமங்கலத்துச் சம்பந்தி சாயிரா பானு வந்து இறங்கினாள். அடுப்பில்லாமலே தோசை வேகும் மதுரைச் சித்திரை வெயில். பெண்ணைப் பெற்ற ஜெயினம்பு விரிப்புப் போட்ட சீர்க்கட்டிலைக் காட்டினாள்.

சாயிரா பானு படுத்தாள். ஐந்தாவது நிமிடம் அவள் விட்ட குறட்டையில், ரயில் வந்துவிட்டதென்று பக்கத்து வீட்டார் பெட்டியோடு ஓடினார்கள். சாயங்கால அஸர் தொழுகைக்குத்தான் விழித்தாள்.

"யா அல்லாஹ், ஒரு சொட்டு வேர்வை இல்லையே! என்ன துணி சம்பந்தி?"

"லினன். வேர்வையைக் குடிச்சிட்டு உடனே காஞ்சிரும்."

"பொய் சொல்லாதீங்க. எங்க வீட்டுக்காரர் கொழும்புல இருந்து லினன் வாங்கியாந்தாரு. சாக்கு மாதிரி சொரசொரன்னு இருந்துச்சுன்னு பாத்திரக்காரிகிட்டப் போட்டுப் பித்தளைப் போகணி வாங்கிட்டேன். இது பட்டாட்டம்ல இருக்கு!"

"துவைக்கத் துவைக்கத்தான் மெத்துன்னு ஆகும். இதைப் பன்னெண்டு வருசமாத் துவைக்கிறேன்."

"என் மகனுக்குப் பழசா?" என்று சீறியபடி சாயிரா பானு விரிப்பை உருவினாள். ஓரத்தில் சலவைக்காரர் அழியாத சேங்கொட்டை மையால் போட்ட குறி தெரிந்தது. ஒரு பிறை, மூன்று புள்ளி. அவள் அதைக் கண்ணருகே தூக்கிப் பார்த்தாள்.

"இது எங்க வீட்டுக் குறியால்ல இருக்கு!"

"ஆமா சம்பந்தி. அந்தப் பாத்திரக்காரி மறுநாள் மதுரைக்குத்தான் வந்தா. போகணி நல்லா இருக்கா?"

"அது அந்த வருசமே ஒழுகிருச்சு" என்று முனகிய சாயிரா பானு, விரிப்பை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"நிக்காஹ் வர்ற வெள்ளிக்கிழமை. இதை இப்பவே கொண்டு போறேன், மருமகளைப் பின்னாடி அனுப்பி வைங்க!"